15 மில்லிமீட்டரில் எவ்வளவு மரம்?

கேள்வி:

ஐயா, வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் 1986-ல் கட்டிய நாலறை மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் சாவி கைக்கு வரும். ஹாலில் பழைய பீங்கான் ஓடு. மூன்று படுக்கையறைகளிலும் சின்னச் சின்னக் கட்டைகளாகப் பதித்த பழைய பார்க்கே தரை. எல்லாவற்றையும் மூடிவிட்டு வீடு முழுக்க எஞ்சினியர்ட் மரத்தரை போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தரைக்கென்று ஒதுக்க முடிந்தது 6,000 வெள்ளி. ஹால் 300 சதுர அடி, அறைகள் மூன்றும் சேர்ந்து 340 சதுர அடி. ஒரு கடையில் சதுர அடிக்கு 7 வெள்ளி 90 காசு சொன்னார்கள், இன்னொரு கடையில் 13 வெள்ளி 50 காசு. இரண்டுமே 15 மில்லிமீட்டர் கனம், இரண்டுமே ஓக் மரம், பார்க்கவும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? என் மாமியாரோ, "இந்த ஊர் ஈரத்துக்கு மரம் தாங்காது, இருக்கிற ஓடே போதும்" என்கிறார். அவருக்கு 74 வயது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவன் இன்னும் தவழ்கிறான். எதை வாங்குவது?

ஈசூன் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சாவி கிடைத்த அன்றைக்கே படுக்கையறையில் உட்கார்ந்து அந்தப் பழைய பார்க்கேயை நன்றாகப் பாருங்கள். அதை மூடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் பதறுகிறது. எண்பதுகளில் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் படுக்கையறைகளில் போட்ட பார்க்கே பல இடங்களில் தேக்கு. கட்டை முழுக்க ஒரே மரம், மேலே ஒட்டிய தாள் கிடையாது. நாற்பது வருட வார்னிஷும் அழுக்கும் ஏறிக் கறுத்துப்போய் அசிங்கமாகத் தெரியும். மேல்பரப்பை மெஷின் வைத்து இழைத்துவிட்டு இரண்டு மூன்று கை வார்னிஷ் அடித்தால், நீங்கள் கடையில் பார்த்த எந்த ஓக் பலகையும் அதன் பக்கத்தில் நிற்காது. செலவும் புதுத் தரை போடுவதைவிட மிகக் குறைவு.

நல்ல நிலையில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை எடுத்து ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் ஒட்டு பிடித்திருக்கிறது. பொத்தென்று உள்ளே காலியாகக் கேட்டால் அந்த இடத்தில் கட்டை சிமெண்டை விட்டுக் கிளம்பியிருக்கிறது. பத்து இருபது கட்டைகள் அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், மறுபடி ஒட்டிவிடலாம். அறையில் பாதி அப்படிக் கேட்டால்தான் யோசிக்க வேண்டும். அப்புறம் ஜன்னலோரம், குளியலறை வாசல், ஏர்கான் தொங்கும் சுவருக்குக் கீழே, இந்த மூன்று இடங்களிலும் மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலாக இருந்தால் இழைக்கும்போது போய்விடும், ஆழமாக இருந்தால் அந்தக் கட்டைகளை மாற்ற வேண்டும்.

கரையானையும் மறக்க வேண்டாம். கதவு நிலை, அலமாரிக் கால் பக்கம் மண் பூசிய குழாய் மாதிரி கோடு ஓடுகிறதா, கசகசா போலச் சின்ன உருண்டைகள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது மண்ணிலிருந்து ஏறி வரும் கரையான், இரண்டாவது மரத்துக்குள்ளேயே வாழும் கரையான். இரண்டில் எது தென்பட்டாலும் கரையான் மருந்து அடிப்பவரை முதலில் கூப்பிடுங்கள். புதுத் தரையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

இனி உங்கள் மாமியார் சொன்னதுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், நல்ல வெயில் அடிக்கும் பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். மரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்று காய்ந்தால் விட்டுவிடும். உறிஞ்சும்போது அகலவாக்கில் உப்பும், விடும்போது சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. கிராமத்து வீட்டில் மழைக்காலத்தில் கதவு நிலையில் சிக்கிக்கொள்ளுமே, அதே சங்கதிதான். நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்கிறது: ராத்திரி முழுக்க ஏர்கான் போட்டு அறையை உலர்த்துகிறோம், காலையில் ஜன்னலைத் திறந்து ஈரக்காற்றை உள்ளே விடுகிறோம். மரம் தினமும் மூச்சை இழுத்து விடுகிற மாதிரி.

இந்த அசைவை அடக்கத்தான் எஞ்சினியர்ட் பலகை வந்தது. மேலே உண்மையான மரம் ஓர் அடுக்கு, அடியில் பிளைவுட். பிளைவுட்டில் ஒவ்வோர் அடுக்கின் ரேகையும் முந்தைய அடுக்குக்குக் குறுக்காக ஓடும். ஒன்று அகலவாக்கில் உப்பப் பார்த்தால், அதன் கீழே நீளவாக்கில் கிடக்கும் அடுக்கு விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் முழு மரப் பலகையைவிட இது மிகக் குறைவாகத்தான் அசையும். அசையவே அசையாது என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆக, மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: காற்றிலுள்ள ஈரத்தை இந்தத் தரை தாங்கும், தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் தாங்காது. அவர் பயப்படுவது இந்த இரண்டாவதுக்கு என்றால் அவர் பக்கம்தான் நியாயம்.

இப்போது விலை வித்தியாசம். இரண்டு பலகையும் 15 மில்லிமீட்டர் என்கிறீர்கள். அதில் எத்தனை மில்லிமீட்டர் ஓக் மரம் என்று கேட்டீர்களா? அடுத்த தடவை போகும்போது சாம்பிளின் மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், வெட்டிய விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் அந்த மெல்லிய அடுக்குக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். கடைகளில் இதை வெனீர் என்றோ மேல் அடுக்கு என்றோ சொல்வார்கள். அது 0.6 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டர் வரை கிடைக்கிறது. விலை குறைந்த பலகையில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தரையை ஒரு முறை இழைத்துப் புதுப்பிக்க அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை மரம் போகும். 0.6 உள்ள பலகையில் மெஷினை வைத்தால் ஓக் போய் அடியில் இருக்கும் பிளைவுட் பல்லை இளிக்கும். 3 மில்லிமீட்டர் இருந்தால் ஒரு தடவை, கவனமாகச் செய்தால் இரண்டு தடவை இழைக்கலாம்.

தவழ்கிற பிள்ளை நாளைக்குப் பொம்மைக் காரை உருட்டுவான், சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுப்பான். பத்து வருடத்தில் மேற்பரப்பு தேய்ந்துதான் போகும். அப்போது இழைத்துப் புதுசாக்க முடிகிற தரையா, பிடுங்கிக் குப்பையில் போட வேண்டிய தரையா என்பதில்தான் இரண்டு கடைகளுக்கும் வித்தியாசம் இருக்கும். ஆனால் 13.50 சொன்ன பலகையிலும் மேல் அடுக்கு 2 மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் அதையும் வாங்காதீர்கள். விலை அதிகம் என்பதால் மட்டும் மரம் கனமாகிவிடாது. கேட்டு, அளந்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். "மொத்தம் 15, மேல் அடுக்கு ஓக் 3" என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

நடு அடுக்கையும் பாருங்கள். சில பலகைகளில் பிளைவுட்டுக்குப் பதிலாக மர நாரை அழுத்திச் செய்த எச்டிஎஃப் பலகை இருக்கும். காய்ந்த அறையில் அது மோசமில்லை. தண்ணீர் புகுந்தால் ரொட்டி மாதிரி ஊறி உப்பும், காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது. நம் ஊருக்குப் பிளைவுட்தான் என் தேர்வு. இன்னும் மலிவாக ‘எஞ்சினியர்ட்’ என்ற பேரில் லேமினேட்டையே தள்ளிவிடும் விற்பனையாளர்களும் உண்டு. லேமினேட்டில் மேலே இருப்பது மரத்தின் படம், மரம் கிடையாது. ஏழெட்டுப் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கணு, ஒரே வளைவு திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சடித்தது.

சின்னப் பிள்ளை இருக்கிற வீடு என்பதால் ஒட்டுப் பசையைப் பற்றியும் கேளுங்கள். பிளைவுட் ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயு மெதுவாகக் காற்றில் கலக்கும். இ0, எஃப் நான்கு நட்சத்திரம், கார்ப் இரண்டாம் கட்டம் இவற்றில் ஏதாவது ஒரு சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தரையை ஒட்டிப் போடுவதாக இருந்தால், ஒட்டப் பயன்படுத்தும் பசைக்கும் அதே கேள்வி.

சரி, 6,000 வெள்ளிக்கு வருவோம். கடையில் சொன்ன 7.90 விலையை மொத்தம் 640 சதுர அடியால் பெருக்கி 5,056 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். பலகையை ஓரங்களில் வெட்டுவதில் சேதாரம் உண்டு, அதற்கு 10 சதவீதம் கூட்டினால் 704 சதுர அடி. 7.90 வீதம் 5,561 வெள்ளி 60 காசு. அதன்மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி. மொத்தம் 6,062 வெள்ளி. அந்த மலிவுத் தரையே உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது. இதில் ஸ்கர்டிங் (சுவரடிப் பட்டை), கதவு அறுப்பு, மட்டம் சரிசெய்வது எதுவும் சேரவில்லை. 13.50 வீதம் வீடு முழுக்கப் போட்டால் 10,359 வெள்ளி. அதை நினைக்கவே வேண்டாம்.

பார்க்கே நன்றாக இருந்தால் கணக்கே மாறுகிறது. படுக்கையறைகளில் இருக்கும் மரத்தை இழைத்துப் புதுப்பியுங்கள். ஹாலுக்கு மட்டும் 13.50 பலகை வாங்கினால், சேதாரத்தோடு 330 சதுர அடி, வரியோடு 4,856 வெள்ளி. மீதி 1,144 வெள்ளியில் 340 சதுர அடிப் பார்க்கேயை இழைத்து வார்னிஷ் அடிக்க வேண்டும், ஹாலுக்கு ஸ்கர்டிங்கும் போட வேண்டும். இறுக்கமான கணக்குதான். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், கொஞ்சம் கூடினாலும் ஒப்புக்கொள்ளலாம். ஏனென்றால் நீங்கள் ஆசைப்பட்டது போலவே வீடு முழுக்க உண்மையான மரத்தரை அமைந்துவிடும். படுக்கையறையில் தேக்கு, ஹாலில் ஓக் என்று நிறம் மாறுமே என்று கவலைப்படாதீர்கள். அறை வாசலில் ஒரு மரப்பட்டை போட்டுப் பிரித்தால் வேண்டுமென்றே செய்த மாதிரிதான் தெரியும்.

பார்க்கே கெட்டுப்போயிருந்தால், ஹால் ஓடுகளை இந்த வருடம் தொடாதீர்கள். நல்ல பலகையை அறைகளுக்கு மட்டும் வாங்குங்கள். 374 சதுர அடி, வரியோடு 5,503 வெள்ளி. இங்கே ஒரு மிச்சம் பிடிக்கலாம். மூன்று அறையிலும் சுவரோடு பொருத்தும் அலமாரி செய்யப்போகிறீர்கள் என்றால், தச்சு வேலையை முதலில் முடித்துவிட்டு, அலமாரி முகம் வரைக்கும் மட்டும் தரை போடுங்கள். 6 அடிக்கு 2 அடி அலமாரி ஒன்றுக்கு 12 சதுர அடி, மூன்றுக்கு 36. சேதாரமும் வரியும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 580 வெள்ளி கையில் நிற்கும். அதோடு, பசையில்லாமல் ஒன்றோடொன்று கோத்துப் போடும் கிளிக் பலகை சுதந்திரமாக அசைய வேண்டிய தரை. அதன் தலையில் பெரிய அலமாரியை ஏற்றினால் ஒரு பக்கம் கட்டிப்போட்ட மாதிரி ஆகி, இன்னொரு பக்கம் இணைப்பு பிளக்கும்.

தரத்தைக் குறைக்காமல் விலையைக் குறைக்கும் வழி வேறு இரண்டும் உண்டு. ஓக்கில் கணு இல்லாமல் ஒரே சீராக இருப்பதைப் பொறுக்கியெடுத்துக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். கணுவும் நிற வேறுபாடும் உள்ள ரகம் அதே மரம், அதே கனம், விலை குறைவு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதுதான் நல்லதும்கூட, கீறல் விழுந்தால் கணுவோடு கணுவாகக் கலந்துவிடும். பளபளப்பு இல்லாத, ரேகை தெரியத் தூரிகையால் தேய்த்த மேற்பரப்பாகப் பார்த்து எடுங்கள். இரண்டாவது, அகலம். 220 மில்லிமீட்டர் அகலப் பலகை இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, விலையும் ஏறியிருக்கிறது. 125 மில்லிமீட்டர் அகலம் போதும். சின்ன அறைக்கு அளவாக இருக்கும், ஈரத்துக்கு அசைவதும் குறைவு. மீன்முள் மாதிரி சாய்த்து அடுக்கும் வடிவத்தைக் கேட்காதீர்கள். சேதாரமும் கூலியும் எகிறும்.

சுங்கை காடூட் பக்கம் மரத்தொழில் நிறுவனங்கள் நிறைய. தயாரிப்பை நிறுத்தப்போகும் நிறத்தில் மிச்சமிருக்கும் பெட்டிகளைக் குறைந்த விலைக்குத் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி வாங்கினால் ஒரே தடவையில் முழுக்க வாங்கி, ஒரு பெட்டியை வீட்டு ஸ்டோரில் வைத்துவிடுங்கள். பின்னால் ஒரு பலகை கெட்டால் அதே நிறம் வேறெங்கும் கிடைக்காது.

காசை எங்கே பிடிக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். தரைக்கு அடியில் நடக்கும் வேலையில்தான். பல வருடங்களுக்கு முன் நான் என் சொந்த வீட்டு அறையில் தரை போட்டேன். சிமெண்ட் பூசிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. மேலே தொட்டால் காய்ந்திருந்தது, அதை நம்பி ஈரம் பார்க்காமல் பலகையை ஒட்டினேன். இரண்டே மாதத்தில் குளியலறைச் சுவரோரம் பலகைகளின் விளிம்பு மேலே தூக்கி, ஒவ்வொன்றும் வாழை மட்டை மாதிரி குழிந்தது. முழுவதையும் பிடுங்கினேன். அன்றிலிருந்து ஈரம் பார்க்காமல் யார் வீட்டிலும் பலகையைத் தொட்டதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. கான்ட்ராக்டர் ஈரமானியோடு வருவது நல்லது. வராவிட்டாலும், சுமார் ஒன்றரை அடிச் சதுரமான தடித்த பிளாஸ்டிக் தாளைச் சிமெண்ட் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மறுநாள் வரை விடுங்கள். திறக்கும்போது உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. அப்புறம் மட்டம். 2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருக்கக் கூடாது. நேரான கம்பையோ ரசமட்டத்தையோ வைத்துப் பார்க்கலாம். பள்ளத்தின் மேல் போட்ட கிளிக் தரை நடக்கும்போது கிரீச்சிடும், நாளடைவில் பலகைகளைக் கோக்கும் நாக்கு உடையும். மட்டம் சரிசெய்வதற்கு 200, 300 வெள்ளி தனியாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

சுவரோரம் 8 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், ஸ்கர்டிங் அதை மறைத்துவிடும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். காரணம், குளிர்நாட்டுச் சந்தைக்குச் செய்யும் பலகைகளை ஆலையில் 5 முதல் 9 சதவீத ஈரத்துக்கு உலர்த்தித்தான் அனுப்புகிறார்கள். இங்கே வந்ததும் அது நம் காற்றைக் குடித்து விரியத்தான் செய்யும். விரிய இடம் இல்லாவிட்டால் நடு ஹாலில் கூடாரம் மாதிரி எழும்பும். அதனால்தான் பெட்டிகளையும் வந்தவுடனே போடாமல், போடப்போகும் அறையிலேயே குறைந்தது இரண்டு நாள் படுக்கவைக்கச் சொல்கிறோம்.

ஹால் ஓட்டின் மேலேயே பலகை போடலாம், உடைக்க வேண்டியதில்லை. ஆனால் முந்தைய சொந்தக்காரர் ஏற்கனவே ஓட்டின் மேல் ஓடு போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சிமெண்ட் பூச்சும் தரையும் எல்லாம் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வீவக விதி. பலகையும் அடி விரிப்பும் சேர்ந்து 17 மில்லிமீட்டர் வரை உயரும். அறைக் கதவுகளை அறுத்துக்கொள்ளலாம். வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதன் அடியை யாரும் அறுக்க விடாதீர்கள். உங்கள் மாமியாருக்காக இன்னொன்று: சமையலறை வாசலிலும் குளியலறை வாசலிலும் அந்த 17 மில்லிமீட்டர் ஒரு படியாக நிற்கும். 74 வயதில் ராத்திரி எழுந்து போகும்போது கால் கட்டைவிரல் அதில்தான் தட்டும். செங்குத்தான பட்டை வேண்டாம், சரிவாக இறங்கும் பட்டையே வேண்டும் என்று அளவெடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஹாலில் தண்ணீர் புழக்கம் அதிகம் என்று தோன்றினால் எஸ்பிசி என்று ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் கலந்து செய்த கிளிக் பலகை. தண்ணீருக்கு உப்பாது, கரையானுக்குத் தீனி கிடையாது, விலையும் எஞ்சினியர்ட் மரத்தைவிடப் பொதுவாகக் குறைவு. மேல் பூச்சு 0.5 மில்லிமீட்டர் இருப்பதாக எடுங்கள். மரம் கிடையாது, இழைத்துப் புதுப்பிக்கவும் முடியாது. ஆனால் 0.6 மில்லிமீட்டர் ஓக் ஒட்டிய பலகைக்கும் எஸ்பிசிக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உங்கள் ஹாலுக்கு நான் யோசிக்காமல் எஸ்பிசியைச் சொல்வேன்.

கான்ட்ராக்டர் விஷயம் சுருக்கமாக. வீவக பட்டியலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், கழகத்தின் இணையத்தளத்திலேயே பெயரைச் சரிபார்க்கலாம். பார்க்கேயையோ ஓடுகளையோ உடைத்து எடுப்பதாக இருந்தால் அனுமதியை அவரே வாங்க வேண்டும். சத்தம் வரும் வேலை வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருந்தால் நீங்கள் கட்டும் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. விலைப்பட்டியலில் வரி, மட்டம் சரிசெய்தல், ஸ்கர்டிங், கதவு அறுப்பு, வாசல் பட்டை, கழிவு அகற்றுதல் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். தகராறு என்று வந்தால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

கடைசியாக, நம் வீட்டுப் பழக்கங்கள். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் விட்டு வீட்டை அலசுவது மரத்தரையில் நடக்காது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாம், துடைத்த ஈரம் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். நீராவித் துடைப்பான் கூடவே கூடாது. மாமியாரிடம் இதை முன்கூட்டியே பேசி, அவர் கையால் சமையலறையும் வாசலும் அலசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். மாக்கோலத்தை வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் போடலாம். குத்துவிளக்கின் அடியில் அகலமான பித்தளைத் தட்டு வையுங்கள், எண்ணெய் ஓக்கில் இறங்கினால் கறை போகாது. ஏர்கானை ஒழுங்காகச் சர்வீஸ் செய்யுங்கள். இந்த ஊரில் நான் பார்த்த கெட்டுப்போன மரத்தரைகளில் பல, ஏர்கான் ஒழுகிக் கெட்டவை. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டை ஒரு மாதம் இறுக்கி மூடிவிட்டுப் போகாதீர்கள். அது மழைக்காலம் வேறு. சொந்தக்காரர் யாராவது வாரம் ஒரு தடவை வந்து காற்றாடியைப் போட்டுவிட்டுப் போகட்டும்.

புதுமனைப் புகுவிழாவுக்கு ஹோமம் வளர்ப்பதாக இருந்தால், தரை போடுவதற்கு முன்பே, பழைய ஓட்டின் மேல் வளர்த்துவிடுங்கள். ஒரு வீட்டில் நான் முடித்துக் கொடுத்து நான்கே நாளில், புது ஓக் தரையில் மணல் பரப்பிச் செங்கல் அடுக்கி ஹோமம் செய்தார்கள். மணலும் கல்லும் சூட்டைத் தடுக்கும் என்று நம்பியிருந்தார்கள். மூன்று மணி நேரச் சூடு மணலைத் தாண்டி இறங்கி, சதுரமாக ஒரு கருப்புத் தடம் ஹாலின் நடுவில் விழுந்தது. நெய்யும் இறங்கியிருந்தது. ஒன்பது பலகைகளை மாற்றினேன், பெட்டியில் மிச்சம் இருந்ததால் முடிந்தது. உங்களுக்குச் சாவி அடுத்த மாதம் வருகிறது, வேலை தொடங்க அதன்பின் சில நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, பூஜையை முடித்துவிடுங்கள். அன்றைக்கே அந்த ஒரு வெள்ளி நாணயத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். தட்டிப் பார்த்ததில் என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள். ஒரு கட்டையைக் கழற்றி அதன் வெட்டுமுகத்தைப் படமெடுத்து அனுப்பினால் தேக்கா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.